சினிமா பூங்காவில் பெண் பார்த்த நாள்

பெண் பார்ப்பதை சினிமா பூங்காவில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது மாப்பிள்ளை வீட்டார்தான். வீட்டுக்கு வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும், ஒத்துவராமல் போனால் பெண்ணைத்தான் பேசுவார்கள், பொது இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி இருக்கட்டும் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அதில் நல்லெண்ணம் இருந்தது. அதற்கு முன் அக்காவைப் பார்க்க வந்தவர்கள் யாரும் அவளுக்காக இவ்வளவு யோசித்ததில்லை. காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று எழுந்து போனவர்கள்தான் எல்லோரும்.

இந்த இடம் வேறு மாதிரி அமைந்தது. ஜாதகம் பொருந்தியது. மாப்பிள்ளைக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. அப்பா ஆத்தூர்ப் பக்கம் தக்காளியும் முருங்கையும் போடுகிறவர் என்பதால், அந்த மண்டியைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது சுலபமாக இருந்தது. எடையில் ஏமாற்றாத ஆள் என்றார்கள். அப்பாவுக்கு அதற்கு மேல் ஒரு மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

அக்கா சின்னாளப்பட்டியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் அதிகம் பேசமாட்டாள். இரண்டு வீட்டாரும் சம்மதித்து போன் நம்பர் மாற்றிக்கொண்ட பிறகு, சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போகிறவள் இருட்டிய பிறகுதான் இறங்கி வந்தாள். மேலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்கும். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "எனக்கு இந்த ஆளப் பிடிச்சிருக்குடி. இதுவும் நின்னுபோச்சுன்னா இன்னொருத்தர் முன்னாடி போய் நிக்கிற தெம்பு எனக்கு இல்ல."

பெரியவர்கள் முகம் பார்த்துப் பேசி முடிப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் பூங்கா.

மே மாதம், கத்திரி வெயில். புறப்படும்போதே முற்றத்துச் சிமெண்டில் கால் வைக்க முடியவில்லை. அக்கா சுங்குடிச் சேலையை எடுத்து வைத்திருந்தாள். அம்மா அதை மடித்துத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டு அரக்குப் பட்டை எடுத்துப் போட்டாள்.

"தற்செயலாப் பாக்கப் போறவ பட்டக் கட்டிக்கிட்டாம்மா ராட்டினம் சுத்துவா?" என்றாள் அக்கா.

"அவங்களும் பட்டுலதான் வருவாங்க. வேணும்னாப் பாரு."

எங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு பயண வழக்கம் உண்டு. வெளியூர் போகிற நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் கூச்சம், பஸ் நிலையக் கழிப்பறைகளின் நாற்றம், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் நிற்கும் அவஸ்தை, இவையெல்லாம் சேர்ந்து சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இ.இ.ஜி. டெக்னீசியன். தலையில் ஒயர்கள் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது என் வேலை. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று நோயாளிகளிடம் சொல்லிவிட்டு, திரும்பி வரும் பஸ் பயணத்துக்காக மதியத்திலிருந்தே நானும் தண்ணீரை நிறுத்திவிடுவேன். அன்று அக்கா குடித்தது காலையில் அரை டம்ளர் காபி மட்டும்.

எனக்குப் பயம் வந்தது. அதனால் பையில் எல்லாம் வைத்தேன்: தண்ணீர் பாட்டில்கள், உப்புச்சர்க்கரைப் பொடி பாக்கெட்டுகள், பிஸ்கட், குடை, ஈரத்துணி, ஊக்கு. பூங்கா வாசலில் காவலாளி பையைத் திறந்து, வெளி உணவுக்கு அனுமதியில்லை என்று பிஸ்கட்டையும் பாட்டில்களையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டார். அதில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் பாட்டில்கள் கிடந்தன. பொடியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். கரைக்கத் தண்ணீர் உள்ளே விலைக்குக் கிடைக்கும் என்றார்.

மதுரை ரோட்டிலிருந்து விலகி, முன்பு சோளம் போட்ட பொட்டல்வெளியில் அந்தப் பூங்காவைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சிறுமலை, எதிர்ப்பக்கம் தூரத்தில் கொடைக்கானல் மலை. இரண்டும் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. உள்ளே எல்லாமே முகப்பு மட்டும். ஜமீன் மாளிகைக்குப் பின்சுவர் இல்லை, சவுக்குக் கம்புகள் முட்டுக்கொடுத்து நின்றன. கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், ரயிலே வராத ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, பனிமலை என்று ஒரு தமிழ்ப் படத்துக்குத் தேவையான இடங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. பனிமலையில் நுரையை ஊதிக்கொண்டிருந்தார்கள். தரையைத் தொடும் முன்பே அது காய்ந்துபோனது. நட்ட மரங்கள் இடுப்பளவுதான் வளர்ந்திருந்தன. நிழல் என்று சொல்ல சுவர்களின் ஓரம்தான்.

ரயில் நிலையத்துப் பெஞ்சில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சொன்னதுதான் சரி. மாப்பிள்ளையின் அம்மா மயில்கழுத்துப் பட்டில் இருந்தார், தங்கை பச்சைப் பட்டில். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி. அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகத் திரிந்த கூட்டத்துக்கு நடுவே நாங்கள் இரண்டு குடும்பமும் கல்யாண மண்டபத்துக்கு வழி தவறி வந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

"வாங்க சம்மந்தி," என்று எழுந்தார் மாப்பிள்ளையின் அம்மா. உடனே வாயில் கைவைத்துக்கொண்டார். "அட, அதுக்குள்ள சம்மந்தின்னுட்டனுங்க. தற்செயலாப் பாத்தமல்லங்க, மறந்துட்டேன்."

"நாங்களும் தற்செயலாத்தாங்க, ரெண்டு மாசமா ரோசன பண்ணி வந்தோம்," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா முன்பின் தெரியாதவர்களிடம் வேடிக்கையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனது. அக்காவின் கையைப் பிடித்து உட்காரவைத்து, "எத்தன புள்ளைங்க கண்ணு உன் கிளாசுல? சொன்னாக் கேக்குமா?" என்று கேட்டார். சமையல் தெரியுமா என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை மெலிந்த, வெட்கப்படுகிற ஆள். அக்காவைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அக்கா தன் கைக்குட்டையை நீட்டினாள். பார்க்காத மாதிரி நாங்கள் எல்லோரும் ரயில் நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்தோம். அது ஓடாத கடிகாரம்.

மாளிகை முகப்பின் முன்னால் ராஜா ராணி வேடத்தில் படம் எடுத்துத் தருகிறார்கள். மாப்பிள்ளையின் தங்கைதான் இழுத்துப்போனாள். "அண்ணி, வாங்கண்ணி. அண்ணனை ராஜாவாப் பாக்க எங்களுக்கு வேற சந்தர்ப்பமே கெடைக்காது." அக்கா தயங்கி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள்.

பட்டுச் சேலைக்கு மேலேயே வெல்வெட் அங்கியைப் போட்டுவிட்டார்கள். கழுத்திலிருந்து கால்வரை, உள்ளே அட்டைபோல விறைத்த லைனிங். தலையில் தகரக் கிரீடம். மாப்பிள்ளைக்கு மீசையும் வாளும். படிக்கட்டுக்கு மேல் கூரை இல்லை. இவர்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தில் குழந்தை அழுததால் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கும்போது அங்கியைக் கழற்ற வேண்டாம், திரும்பப் போட நேரமாகும் என்றார் படம் எடுப்பவர்.

நான் தண்ணீர் வாங்கப் போனேன். கடையில் வரிசை நீளமாக இருந்தது. முதலில் கலர் சோடாதான் இருக்கிறது என்றார்கள், பிறகு தேடி ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்தார்கள். வெந்நீராக இருந்தது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் படிக்கட்டு தெரிந்தது. "ராஜா சார், வாளத் தூக்குங்க. ராணி மேடம், இந்தப் பக்கம் சிரிங்க." அக்கா சிரித்தாள். பிறகு அவள் கை பக்கத்தில் பிடிமானம் தேடி அலைந்ததைப் பார்த்தேன். கண் இருட்டும்போது கை அப்படித்தான் தேடும். நான் ஓடினேன்.

மயங்குகிறவரைக் கீழே போகவிட வேண்டும். மெதுவாகத் தாங்கிப் படுக்கவைக்க வேண்டும். தலை தாழ்ந்ததும் ரத்தம் மூளைக்குப் போய்விடும், சற்று நேரத்தில் கண் திறந்துவிடுவார்கள். நிற்கவைத்தே பிடித்தால் ரத்தம் போகாது. உடம்பு வெட்டி இழுக்கும். இது வலிப்பு அல்ல, ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு வலிப்பு மாதிரியே இருக்கும். எங்கள் துறையில் முதல் வருடத்திலேயே இதைப் படித்துவிடுகிறோம்.

"விழுந்துராமப் புடிங்க! புடிங்க!" என்று அம்மா கத்தினாள். மாப்பிள்ளையின் தங்கையும் படக்காரரின் உதவியாளும் அக்காவின் இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அன்பாகத்தான் பிடித்தார்கள், இறுக்கமாகவும். கிரீடம் கழன்று படிகளில் உருண்டது. அக்காவின் கண் மேலே போனது. கைகள் இரண்டும் வெட்டின.

"இரும்பு!" அம்மாவின் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "இரும்பு குடுங்க யாராச்சும்! கையில இரும்பு குடுங்க!"

மாப்பிள்ளை தன் கையிலிருந்த வாளை அக்காவின் கையில் வைத்து அழுத்தினார். அம்மா அதைத் தொட்டதுமே தூக்கி எறிந்தாள். "அட்டை தம்பி இது, அட்டை!" அப்போது மாப்பிள்ளையின் அம்மா இடுப்பிலிருந்து கொத்துச்சாவியை உருவிக் கொடுத்தார். வீடு, பீரோ, மண்டி எல்லாவற்றுக்குமான சாவிகள் இருக்கும் போல, கனமான கொத்து. அம்மா அக்காவின் கட்டைவிரலை முதலில் பிரித்து, சாவிகளை உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு விரலாக மூடி, தன் கையால் மேலே பொத்திக்கொண்டாள். தடுமாற்றம் இல்லை. பலமுறை செய்து பழகிய கை அது. ஓடிவந்துகொண்டிருந்த எனக்கே அது கண்ணில் பட்டது.

"படுக்க வைங்க! விடுங்க, கீழ படுக்க வைங்க!"

படுக்கவைத்து, அங்கியின் கொக்கிகளைப் பிய்த்து, காலைத் தூக்கிப் பிடித்தேன். உடனே அடங்கிவிட்டது. முகம் காகிதம் மாதிரி வெளுத்து, வேர்வையில் நனைந்திருந்தது. நாக்கு கடிபடவில்லை. கண் திறந்ததும் என்னைப் பார்த்தாள். "என் செருப்பு எங்கடி?" என்றாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். "யாரு சாவி இது?"

தெளிவான பேச்சு. வலிப்பு வந்தவர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் தெளிவு வராது. அப்போதுதான் அவள் காலைக் கீழே இறக்கினேன். ஆனால் சுற்றி நின்றவர்கள் அவள் என்ன பேசினாள் என்று கவனிக்கவில்லை. பூட்டும் சாவியுமாகப் பிழைத்த ஊர் எங்களுடையது. ஒரு பெண்ணின் கையில் கொத்துச்சாவியை வைத்து அழுத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அந்தா ஆஸ்பத்திரி இருக்கு, தூக்குங்க," என்றார் கூட்டத்தில் ஒருவர், நிஜமாகவே. அது அந்த ஆஸ்பத்திரி செட்தான். ஆனால் அங்கேதான் கூரையும் மின்விசிறியும் இருந்தன, அதனால் அங்கேயே கொண்டுபோனோம். மெத்தை இல்லாத இரும்புக் கட்டில், காலி ஆக்சிஜன் சிலிண்டர், கண்ணாடியில் பச்சைக் கோடு வரைந்த மானிட்டர். நான் பொடியைக் கரைத்துக் கொடுத்தேன். அக்கா பாட்டில் முழுவதையும் குடித்தாள். குடித்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்து, "படம் எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். அவர் ஒட்டுமீசையோடு நின்றுகொண்டிருந்தார். "எடுக்கலைங்க," என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் அக்காவின் நெற்றியைத் துடைத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்கக் கூடாதுங்க. நானெல்லாம் என்ன பண்றதுன்னே தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க பொசுக்குன்னு இரும்பு கேட்டீங்க. வீட்டுல ஆருக்காச்சும் இருக்குதுங்களா?"

மிரட்டிக் கேட்கவில்லை. ஒரு தாய் இன்னொரு தாயிடம் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"இல்லைங்க," என்றாள் அம்மா. "எல்லாரும் சொல்றதுதானே. பதட்டத்துல வாய்ல வந்துருச்சு."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்துத் துண்டைத் தோளில் போட்டார். "இவ தம்பிக்கு இருந்துச்சுங்க. என் மச்சினனுக்கு. சின்ன வயசுலயே இறந்துட்டான்."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. தெரியாத மனிதரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

எங்களுக்கு ஒரு தாய்மாமா இருந்தார், கிணற்றில் வழுக்கி விழுந்து இறந்துபோனார் என்பதுதான் நானும் அக்காவும் கேள்விப்பட்டது. குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்பது என் மேசைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் கேள்வி. பதில் சொல்லத் தயங்குவார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், நான் அவசரப்படுத்தாமல் காத்திருப்பேன். என்னிடமே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இல்லை என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

பிறகு நான் பேசினேன். தண்ணீர் குடிக்காதது, வெயில், பட்டும் வெல்வெட்டும், நெடுநேரம் நின்றது, நிற்கவைத்துப் பிடித்தது என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திச் சொன்னேன். உடனே தெளிந்ததைச் சொன்னேன். இது மயக்கம், அது இல்லை, நிச்சயமாக அது இல்லை என்றேன். மாப்பிள்ளை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அவருடைய அம்மா, "படிச்ச புள்ள சொன்னாச் சரிதானுங்க கண்ணு," என்றார். கட்டில் ஓரத்தில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்தார். அதை இடுப்பில் செருகிக்கொள்ளவில்லை, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

மதியம் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அவர்கள்தான் வாங்கிக்கொடுத்தார்கள். அக்காவுக்கு மோர் சாதத்தைப் பிசைந்து கொடுத்தார் அந்த அம்மா. புறப்படும்போது, "சொல்லி அனுப்புறமுங்க," என்றார். மற்றவர்கள் எல்லோரும் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைதான்.

வாடகைக் காரில் திரும்பும்போது அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் அம்மாவும் அப்பாவும், நடுவில் நான்.

"எதுக்குச் சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"கேட்டாங்கள்ல."

"கேட்டா?"

"நாளைக்குத் தெரிஞ்சா மறச்சுட்டாங்கன்னு புள்ளயத்தான் படுத்துவாங்க."

"இன்னைக்கு மட்டும் என்னாச்சாம்?"

"இரும்பு கேட்டது நானா?"

"ரெண்டு பேரும் செத்த சும்மா வாங்க," என்றாள் அக்கா, திரும்பாமலே.

மறுநாள் வேலைக்குப் போனேன். காலையில் முதலில் வந்தது எட்டாவது படிக்கும் ஒரு பெண். அவள் அம்மா அவளுடைய கழுத்துக் கயிற்றில் ஒரு இரும்பு வளையம் கட்டியிருந்தார். அந்தப் பெண்ணின் தலையை அளந்து குறித்துக்கொண்டிருக்கும்போது, முந்தின நாள் நான் சொன்ன 'அது இல்லை, நிச்சயமாக அது இல்லை' என் காதில் கேட்டது. திருட்டுப் பழியை மறுக்கிற குரலில் சொல்லியிருந்தேன். அந்தச் சிறுமியிடம் வழக்கமாகச் சொல்லும் எதையும் அன்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு டெஸ்ட் எடுத்துக் காட்டினால் தன் அம்மாவைச் சமாதானப்படுத்திவிடுவேன் என்று மாப்பிள்ளை போனில் சொன்னாராம். அக்கா எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்து, என்னோடு மதுரைக்கு வந்தாள். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லலாம் என்றேன். நீயே எடு என்றாள். சின்ன வயதில் எனக்குத் தலைபின்னிவிட்டவள் அவள். அவள் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பசை தடவி ஒட்டியபோதுதான் உச்சியில் நரைமுடிகள் இருப்பதைப் பார்த்தேன்.

"இருந்துச்சுன்னா?" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.

"இருந்தா மாத்திரை. அம்புட்டுதான்."

எல்லோரிடமும் நான் சொல்வதுதான். எவ்வளவு லேசான பதில் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அலைகள் எல்லாம் சீராக இருந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, வெயிலில் வந்த மயக்கம்தான், தண்ணீர் குடிங்கம்மா என்று சொல்லி அனுப்பினார். அக்கா ஆஸ்பத்திரி வாசலில் நின்றே மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அவர்கள் உறவில் ஒரு டாக்டர் இருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா அவரிடம் கேட்டிருக்கிறார். இந்த டெஸ்டில் சரியாக இருந்தால் வியாதி இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அது உண்மை. அதே வார்த்தைகளை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

தரகர் வந்து, பெரியவர் ஒருவர் ஜாதகத்தைத் திரும்பப் பார்த்ததில் ஏதோ இடிக்கிறதாம் என்றார். அப்பா ஜாதகத்தைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அக்காவைக் கூப்பிட்டார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். "சரிங்க... இல்லைங்க, உங்க மேல என்னங்க தப்பு... உங்க அம்மாவை எதுவும் சொல்லாதீங்க," என்று அக்கா பேசுவது கேட்டது. அவரோடு பேசிப் பேசி அவர்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கு ஒட்டியிருந்தது. பேசி முடித்ததும் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அத்தனையும் ஈரம். கட்டிலில் உட்கார்ந்து அவற்றை மடித்து வைத்தாள். நான் தடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தரகர் திரும்ப வந்தார். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல குடும்பம், பையனுக்கும் சின்ன வயதிலிருந்து மாத்திரை உண்டு, அதனால் இரண்டு பக்கமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்றார்.

"உனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே. அவர் இப்படிப் பேசுறாரு, நீ கேட்டுக்கிட்டு இருக்க," என்றேன் அக்காவிடம்.

"இருக்கு, இல்லேங்கிறதெல்லாம் இப்ப யாரு கேக்குறா?" என்றாள். "அந்தப் பையன் பாவம்டி. அவரும் தனக்குப் பிடிச்ச ஒருத்தியைக் கட்டணும்னுதான் இருப்பாரு. இவளும் நம்ம மாதிரின்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து என்னை நிறுத்துவாங்க. நான் அவரு முன்னாடி நின்னு, எனக்கு இல்ல, உங்களுக்குத்தான் இருக்குன்னு சொல்லவா?"

வேண்டாம் என்று தரகரிடம் அவளே சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவர் வருவதில்லை.

அம்மாவிடம் மாமாவைப் பற்றி நான்தான் கேட்டேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்காமலே சொன்னாள்.

"எங்கம்மா என் பாவாடை நாடால ஒரு சாவியக் கட்டிவிட்டிருந்துச்சு. அவனுக்கு வந்தா நான்தான் ஓடணும். பள்ளிக்கூடம், கம்மாக்கரை, எங்க போனாலும் அவன் பின்னாடியேதான். அன்னைக்கு மட்டும் பூப்பறிக்க ஆள் பத்தலைன்னு என்னைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவன் குளிக்கக் கெணத்துல எறங்கிட்டான்."

"இரும்பு வச்சு நிக்கிறதில்லம்மா அது. தானாவே நின்னுரும்."

"தெரியும்," என்றாள். "தண்ணிக்குள்ள நிக்கலையே."

அக்கா ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்று அம்மா முதலில் சொன்னாள். அக்கா பஸ்ஸில் போகத் தொடங்கினாள். பிறகு தனியாக அடுப்படியில் நிற்கக் கூடாது என்றாள். மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகாதே என்றாள். டாக்டர் சொன்னதை நான் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், "நான் உன்னை ஒண்ணும் சொல்லலையே," என்பாள். அக்கா அம்மாவோடு வாதாடுவதில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டாள். குளியலறைக் கதவை உள்ளே தாழ் போடாதே என்று அம்மா சொன்னபோது மட்டும், அதை மட்டும் விட முடியாது என்றாள்.

இப்போது காலையில் அக்கா குளிக்கப் போனால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். உடனே அம்மா பாதி வேலையைப் போட்டுவிட்டு வந்து வெளியே நிற்பாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்கும்போதெல்லாம் கதவில் விரலால் தட்டுவாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தட்டுவது மட்டும்தான்.

"இருக்கேன்," என்பாள் அக்கா உள்ளேயிருந்து.

தண்ணீர் ஊற்றும் சத்தம் மறுபடி கேட்கும். அம்மா கதவோரமாக அப்படியே நிற்பாள்.